ஆங்கஸ் என்ற பெயர் மீது எனக்குக் கோபமில்லை

மகனே,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. இன்றைக்கு அதை முன்னால் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. இதையெல்லாம் உன் போனுக்குப் பேசி அனுப்பியிருக்கலாம். நான் பேசி அனுப்புவதை நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவாய். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீ சொன்ன பொய்யை நான் உண்மை என்று நம்பி, கோவில்பட்டியில் என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிற அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்காக வக்காலத்து வாங்கிச் சண்டை போட்டிருக்கிறேன். ஊரறியச் சொன்னதை ஊரறியத்தான் திருத்த வேண்டும். அதனால் இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அங்கே ஸ்காட்லாந்தில் மருமகள் கிர்ஸ்டிக்கு ஸ்கேன் எடுத்த அன்று நீ கூப்பிட்டாய். "பையன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாய். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்த உன் அப்பாவை நினைத்து, "அப்பாதாம்லே திரும்பி வாராவ" என்றேன். நீ அதைக் காதில் வாங்காதவன் போல, "பேரு முடிவு பண்ணியாச்சும்மா. ஆங்கஸ்" என்றாய். எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததே தவிர மனதில் இறங்கவில்லை. என்ன பேரு, என்ன பேரு என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "இது ஸ்காட்லாந்துல பழைய காலத்துப் பேரும்மா. முதல் பையனுக்கு இவிய வழக்கப்படிதான் வைக்கணுமாம். கிர்ஸ்டியோட அப்பா ஒத்தக்கால்ல நிக்காரு. நான் என்ன செய்ய?" என்றாய். பாவம், மாமனார் வீட்டுக்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிள்ளை தவிக்கிறானே என்றுதான் எனக்குத் தோன்றியது. "சரிய்யா. அவியளுக்கும் முதல் பேரப்பிள்ளை. ஆசை இருக்கத்தான செய்யும்" என்றேன். உன் குரலில் அப்போது வந்த நிம்மதியை நான் நன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அத்தையை உனக்குத் தெரியும். தம்பி பெயரைப் பேரனுக்கு வைக்கப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தவள். செய்தி கேட்டதும் கடைக்கே வந்துவிட்டாள். "ஏட்டி, என் தம்பி பேரு அத்துப்போச்சா? பேரைச் சொல்லத்தானட்டி பேரன்? வெள்ளைக்காரன் பேரு வைக்கதுக்கா அவன் அந்தப் புழுதியில பஸ்ஸை ஓட்டி இவனைப் படிக்க வச்சான்?" என்று கத்தினாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் விடவில்லை. "மதினி, ஊருக்கு ஒரு வழக்கம். நம்ம வழக்கத்தை நாம விடுதோமா? அவிய மட்டும் ஏன் விடணும்? பொண்ணு குடுத்தவியளுக்கு ஒரு உரிமை கிடையாதா?" என்று கேட்டேன். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் அதற்குப்பிறகு கடைப் படி ஏறவில்லை. அவள் பேசாமல் போனது ஒரு துக்கம் என்றால், பேசியவர்கள் செய்தது வேறு. "ஆகஸ்ட் மாசம் பொறக்கப் போகுதா?" என்று கேட்டாள் ஒருத்தி. "அது என்ன மாத்திரை பேரு மாதிரி இருக்கு" என்றாள் இன்னொருத்தி. எல்லோருக்கும் நான் பதில் சொன்னேன். அது பழைய ராஜாக்கள் காலத்துப் பெயர் என்று நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். என் மகன் மீது ஒரு சொல் விழக்கூடாது என்று ஓடி ஓடித் தாங்கினேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

மார்கழியில் உன் மாமனார் வந்தார். மதுரையைப் பார்க்க வந்தவர், சம்பந்தி வீட்டை எட்டிப் பார்க்காமல் போவது மரியாதை இல்லை என்று கார் பிடித்து வந்துவிட்டார். தன் மனைவியை மகளுக்குத் துணையாக விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். உன் பெரியம்மா மகள் செல்விதான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வந்து, அவர் பேசுவதை எனக்கும் நான் பேசுவதை அவருக்கும் மாற்றிச் சொன்னாள். அவர் பெயர் மர்டோ. நம் தெருக்காரர்கள் அரை மணி நேரத்தில் அதை 'மருது அண்ணாச்சி' ஆக்கிவிட்டார்கள். அவரும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மாடும் வயலுமாக இருந்தவராம். கோயில் பார்க்கிறீர்களா, கழுகுமலைக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டால், உங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

பசுவந்தனைப் பக்கம் நம் நிலத்துக்குப் போனோம். முந்தின நாள் மழை. நம் கரிசல் சும்மா விடுமா? நாலு எட்டு வைப்பதற்குள் அவருடைய ஷூ இரண்டும் பணியாரச் சட்டி கணக்காகக் கனத்துவிட்டன. மனிதர் சிரித்துக்கொண்டே அவற்றைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உளுந்துக்குள் இறங்கினார். மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார், முகர்ந்தார். எவ்வளவு ஆழம், கோடையில் எவ்வளவு வெடிக்கும் என்றெல்லாம் கேட்டார். பிறகு செல்வியிடம் மெதுவாக என்னவோ சொன்னார். செல்வி என்னைப் பார்த்து விழித்தாள்.

"சித்தி, அவரு மன்னிப்பு கேட்டுட்டு ஒண்ணு கேக்காரு. இது கேக்கக் கூடாததுன்னு தெரியுமாம். இருந்தாலும் சித்தப்பாவோட பேரு என்னன்னு தெரிஞ்சுக்கிடணுமாம். வெளிய சொல்ல மாட்டாராம்."

கேட்கக் கூடாததா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் கூடாது என்று கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதைச் செல்வி சொல்லச் சொல்ல என் கால் அந்தச் சேற்றிலேயே புதைந்துபோனது போல் இருந்தது. அவர்கள் ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டாம். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மர்டோ என்பதே அவருடைய தாத்தா பெயர்தானாம். அந்த வழக்கப்படி பிள்ளைக்கு உன் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னாராம். நீதான் மறுத்தாயாம். "எங்க ஊர்ல செத்தவங்க பேரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டாங்க. அந்தப் பேரைச் சொல்லவே கூடாது. சொன்னா எங்கம்மா மனசு உடைஞ்சு போயிருவா" என்று சொன்னாயாம். அதற்குப்பிறகுதான் ஆங்கஸ் வந்ததாம். அதுவும் நீயே தேடி எடுத்துக் கொண்டுவந்த பெயர். அவர் வளர்த்த கறுப்பு மாடுகளுக்கும் அதே பெயர் என்பதால் அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்ததாம்.

ஒத்தக்காலில் நின்ற மாமனார் என் எதிரே இரண்டு காலிலும் சேற்றோடு நின்றுகொண்டிருந்தார்.

நீ எப்படிப்பட்ட பொய்யைச் சொல்லியிருக்கிறாய் என்று யோசித்துப் பார். ஒன்றுமில்லாததிலிருந்து சொல்லியிருந்தால் கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் உன் அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. சின்ன வயதில் அதை வைத்து நீயே என்னைக் கேலி செய்வாய். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் உன்னைச் சொல்லச் சொல்லி உன் முதுகில் தட்டுவேன். அந்தப் பழக்கத்தை எடுத்து, முறுக்கி, உனக்குத் தோதாக வளைத்து, என் தாலி இறங்கின துக்கத்தை அதற்கு மேல் போர்த்தி, கடல் தாண்டி ஒரு நல்ல குடும்பத்தின் முன்னால் வைத்திருக்கிறாய். அவர்களுக்கு என் துக்கம் காரணம். எனக்கு அவர்கள் பிடிவாதம் காரணம். நீ மட்டும் எதற்கும் காரணமில்லாத பிள்ளை.

அவர் கேட்ட பெயரைச் செல்வி சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நான்தான் சொன்னேன். "கருப்பசாமி." சொல்லிவிட்டு வானம் இடியவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அந்த மனுஷன் குழம்பிப்போனார். அது உங்கள் குடும்பப் பெயர் அல்லவா, அவருடைய சொந்தப் பெயர் எது என்று கேட்டார். அதையும் நீ அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய். நமக்கு ஏதடா குடும்பப் பெயர்? உன் பெயருக்குப் பின்னால் வருவது உன் அப்பா. ஒரே ஒரு ஆள். இதை அவருக்கு விளக்கினோம். உன் மகன் நம் முறைப்படி உன் பெயர் பிரவீனின் முதலெழுத்தோடு பி. ஆங்கஸ், அதோடு கருப்பசாமி நின்றுபோகும், அதனால்தான் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிறோம் என்று சொன்னோம். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். செல்வி அதை இப்படிச் சொன்னாள்: "பிடிக்கலைன்னு சொல்லிருந்தா அன்னைக்கே சரின்னு சொல்லிருப்பேன். இப்ப என்னால சரின்னு சொல்ல முடியல."

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நீ முதலில் மழுப்பினாய். பிறகு கத்தினாய். "நீ அங்கன உக்காந்துகிட்டுப் பேசுத. இங்கன வந்து பாரு" என்றாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கூட்டத்தில் உன் பெயரைப் படித்தவர் பாதியில் நின்று கையை விரித்ததையும், எல்லோரும் சிரித்ததையும் சொன்னாய். "நானும் சேர்ந்து சிரிச்சேம்மா" என்றாய். சென்னையில் படிக்கும்போது அப்பா பெயரையும் உன் நிறத்தையும் சேர்த்து வைத்துக் கூப்பிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னாய். "எனக்கு அந்தப் பேரு பிடிக்கலம்மா. எப்பவுமே பிடிச்சதில்ல. என் பிள்ளைக்கு அது வேண்டாம்."

அந்தச் சிரித்தவர்களை நினைத்தால் இப்போதும் என் பல் நறநறக்கிறது. என் பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்திச் சிரித்திருக்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வரைக்கும் உன் அப்பா ஓட்டிய மினி பஸ்ஸில் முதலாளி பெயர் பெரிதாக எழுதியிருந்தது. ஒருவர் வாயிலாவது அது வந்ததா? "கருப்பசாமி வண்டி போயிட்டா?" என்றுதான் வழி நெடுகக் கேட்பார்கள். கைப்பிள்ளைக்காரி ஓடி வருகிறாள் என்றால் வண்டி நிற்கும்; ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறினாலும் முகம் சுளிக்காத வண்டி. சொல்லத் தெரியாதவர்கள் அந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் நாக்கின் குறை. நீ ஏன் சிரித்தாய்? அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேள். உனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்பது குற்றமில்லை. நீ உடனே என்னைத் திருப்பிக் கேட்டாய்: "எனக்கு மட்டும் தாத்தா பேரையா வச்சீங்க? பிரவீன்னுதான வச்சீங்க?" சரியான கேள்வி. பதிலும் இருக்கிறது. நீ பிறந்தபோது மாடசாமி என்று உன் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று உன் அப்பாவுக்குத் தோன்றியது. என்ன செய்தார் தெரியுமா? டூட்டி முடிந்து, காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் நேரே தன் அப்பாவிடம் போனார். நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பெரியவர் வெங்காயம் காய வைத்துக்கொண்டிருந்தார். "எய்யா, பிள்ளைக்கு உங்க பேரு வேண்டாம்னு நினைக்கேன். டவுன் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவானுவோ. எனக்குப் பண்ணுனானுவோ" என்று உன் அப்பா மூஞ்சிக்கு நேராகச் சொன்னார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உன் பிள்ளை, உன் இஷ்டம். நான் என்ன பேரு வச்சுக் கூப்பிடுவேங்கது என் இஷ்டம்" என்றார். ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. பிறகு வந்து உன்னைத் தூக்கி 'மாடா' என்று கொஞ்சினார். உன் அத்தை இன்றுவரை அப்படித்தானே கூப்பிடுகிறாள்? உன் அப்பா கோபத்தை வாங்கிக்கொண்டார். யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளியவில்லை. நீ யாருடைய கோபத்தையும் வாங்கத் தயாராயில்லை. எல்லோருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தாய். அப்படி நினைப்பவன் கடைசியில் யாருக்கும் நல்லவனாக இருக்க முடியாது. நாளை உன் மகனிடமும் இப்படித்தான் "அம்மா சொன்னா, ஆச்சி சொன்னா" என்று யார் தலையிலாவது கட்டிவிட்டு நிற்பாய். பெற்றவன் என்றால் 'நான்தான் சொன்னேன்' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

உன் அத்தை வீட்டுக்கு நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் குதிப்பாள் என்று பயந்துகொண்டு போனால், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். "பிள்ளையை எவன் எவன்லாம் சிரிச்சானுவளோ" என்றாள். அப்புறம், "பிடிக்கலேன்னா சொல்லிருக்கலாம்லாட்டி. நான் என்ன அவனை முழுங்கிருவனா?" என்று கேட்டாள். "முழுங்கித்தான் இருப்பிய மதினி" என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். கடையில் போட்ட சண்டைக்கு அன்றுதான் முடிவு வந்தது.

தை முடியும் முன்னே பிள்ளை பிறந்தான். கிர்ஸ்டி தன் அப்பா சொல்லி எல்லாம் தெரிந்துகொண்டிருந்தாள். பச்சை உடம்போடு, பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு, என்னை அவளே வீடியோவில் கூப்பிட்டாள். செல்வி என் பக்கத்தில் இருந்தாள். அந்தப் பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன. உன் மீது எனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு அவளுக்கும். பதிவு இன்னும் செய்யவில்லை, கருப்பசாமி என்றே வைத்துவிடுகிறேன், அவன் என்ன சொன்னாலும் கேட்க மாட்டேன் என்றாள். அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொன்னாள். எத்தனை தடவை சொல்லிப் பழகியிருப்பாளோ!

நான் வேண்டாம் என்றேன்.

செல்வி திகைத்துப்போய், "என்ன சித்தி சொல்லுதீங்க?" என்று என்னையே கேட்டாள். சொன்னதைச் சொல்லு என்றேன். என் புருஷன் பெயர் யாருக்கும் தண்டனையாகப் போகக்கூடாது. பெற்றவனுக்குப் பிடிக்காத பெயரை, அவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டான் என்பதற்காகப் பிள்ளை தலையில் வைத்தால், அவன் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கூப்பிடுவான். அந்தப் பிள்ளை அதைக் கேட்டு வளர வேண்டுமா? கருப்பசாமி அப்படி வாழ்ந்த மனுஷன் இல்லை. வேண்டாவெறுப்பாக எவரும் அவரைக் கூப்பிட்டதில்லை, இனிமேலும் கூப்பிட வேண்டாம். ஆங்கஸ் நல்ல பெயர்தான். நீ அதை நேராகக் கொண்டு வந்திருந்தால் நானே ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பேன். அதனால் ஆங்கஸ் என்றே இருக்கட்டும் என்றேன். கிர்ஸ்டி அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம் ஊரில் பெயர் வைக்கும்போது அத்தை பிள்ளையின் காதில் சொல்வார்களாமே, அதையாவது செய்யுங்கள் என்றாள்.

நேற்றுச் செய்தோம். உனக்கு உடன்பிறந்தவள் இல்லாததால் பிள்ளைக்கு அத்தை இடத்தில் உன் அத்தையே நின்றாள்; குளித்துவிட்டு, பட்டுச்சேலை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு கடைக்கு வந்தாள். கிர்ஸ்டி போனைப் பிள்ளையின் காதோரம் கொண்டுபோனாள். திரையில் ஒரு சின்னச் சிவந்த காது மட்டும் தெரிந்தது. உன் அத்தை குனிந்து, வாயைப் போனில் ஒட்டிக்கொண்டு, "ஆங்கசு" என்றாள். மூன்று முறை சொன்னாள். அந்தப் பெயரைத் தூற்றித் தெருவைக் கூட்டியவள் அவள்தான். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, பயந்தாற்போல், "சரியாச் சொன்னனாட்டி?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். மருது அண்ணாச்சி பின்னாலிருந்து கை தட்டினார். அவருடைய மனைவி பிள்ளையின் பாதத்தைப் பிடித்து எங்களுக்குக் காட்டினாள்.

அந்த அறையில் எல்லோரும் இருந்தார்கள். நீ இல்லை. அடுப்படியில் நிற்கிறான் என்று கிர்ஸ்டி சொன்னாள். உன் மகனுக்குப் பெயர் வைக்கிறார்கள், நீ ஆசைப்பட்ட பெயரையே வைக்கிறார்கள், அதைக் கேட்க முகமில்லாமல் அடுப்படியில் நிற்கிறாய். இதற்காகவா இத்தனை பொய்?

மாமனாரிடம் நேரில் ஒப்புக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். அது போதாது. உன் அத்தைக்குப் போன் செய். அவள் கத்துவாள். காதை எடுக்காமல் கேட்டுக்கொள். என்னிடம் போனில் மன்னிப்புக் கேட்காதே, எடுக்க மாட்டேன். என் கோபத்தில் கால்வாசியைத்தான் இதில் எழுதியிருக்கிறேன். மீதி முக்கால்வாசியை நீ வரும்வரைக்கும் ஆறவிடாமல் வைத்திருப்பேன். ஆங்கஸைத் தூக்கிக்கொண்டு வா. அவனை என் மடியில் போட்டுவிட்டு, என் முன்னால் நின்று, ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டு போ.

உன் அம்மா